கிரிவலத் தொண்டர்: இனமும் இயல்பும்

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1.45 லட்சம். பௌர்ணமிதோறும் அதைவிடப் பெரிய ஊர் ஒன்று பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கி, மலையைச் சுற்றிவிட்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். கார்த்திகை தீபத்தன்று கூட்டத்துக்குக் கணக்கே கிடையாது. வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்து, வழி காட்டி, தொலைந்துபோன செருப்பையும் மாமனாரையும் தேடிக் கொடுப்பது அரசு ஊழியர்களால் மட்டும் ஆகிற காரியமல்ல. மீதியைப் பார்த்துக்கொள்கிறவர் தொண்டர். இவருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே வேலையைவிட்டு நீக்கவும் வழியில்லை. இவரில் ஆறு இனம் உண்டு.

முதலாவது, அன்னதானத் தொண்டர். எண்ணிக்கையிலும் ஓசையிலும் இதுவே பெரிய இனம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. நடுவில் எத்தனை அண்டா என்பதைத் தலபுராணம் சொல்லவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், கடைத்தெரு வியாபாரிகள், ஒரே தெருக்காரர்கள் என யாராவது பத்துப் பேர் சேர்ந்தால் அன்னதானக் குழு பிறந்துவிடும். முதல் கூட்டத்தில் புளிசாதமா, சாம்பார்சாதமா என்று இரண்டு கட்சி உருவாகும். இரண்டாவது கூட்டத்தில் இரண்டும் என்று தீர்மானமாகும். மூன்றாவது கூட்டம் ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கானது. அது மட்டும் விடிய விடிய நடக்கும்.

இந்தத் தானத்துக்கு விதிகளும் உண்டு. தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்ய உணவுப் பாதுகாப்புத் துறையிடம் முன்அனுமதி வாங்க வேண்டும், ஒதுக்கிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை இருப்பதால் பரிமாறப் பாக்கு மட்டைத் தட்டு, தொன்னை, தையல் இலைதான். தொண்டர் எல்லாவற்றுக்கும் கட்டுப்படுவார். பாதையின் முதல் இரண்டு கிலோமீட்டரில் தமக்கு இடம் ஒதுக்கவில்லையே என்ற ஒரே வருத்தம் மட்டும் தீராது. எல்லாக் குழுவுக்கும் இதே வருத்தம் இருப்பதால், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்குப் புறப்பட்ட அரை மணியில் மூன்று தட்டுச் சோறு கிடைத்துவிடுகிறது. உண்மையாகவே பசி எடுக்கிற நள்ளிரவில், வாயு லிங்கத்தருகே, காசு கொடுத்துச் சுக்குக் காபி வாங்க வேண்டியிருக்கிறது.

அன்னதானத் தொண்டரிடம் மறுப்பு செல்லாது. உரையாடல் பொதுவாக இப்படிப் போகும்:

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க சாமி."

"இப்பத்தான் அங்க சாப்பிட்டேன் சாமி. வயிறு நிறைஞ்சிருக்கு."

"அவங்க போட்டது பொங்கல். நம்மளது தயிர்சாதம், செரிச்சிடும்."

இதன் பிறகும் நகர்கிறவருக்குக் கையில் பொட்டலம் வந்துவிடும். உடல் இளைக்கவும் ஒரு வழி என்று கிரிவலம் வருகிறவர்கள் இந்த இனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, ஒழுங்குத் தொண்டர். சாரணர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் போன்றோர் முறையாக வருகிறவர்கள். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தீப வாரத்தில் கணிசமான மணிகள் தேறிவிடும். இவர்களோடு, யாரும் அழைக்காமலே விசிலுடன் வந்து நிற்கிற சுயம்புகளும் உண்டு. கழுத்தில் அட்டை ஏறியதும் இவர்களுக்குக் குரலும் ஏறிவிடும். முன்னும் பின்னும் நகர முடியாமல் நிற்கிறவரைப் பார்த்து, "நிக்காதீங்க சாமி, போயிட்டே இருங்க" என்பது இவர்களின் மூலமந்திரம். வழி கேட்டால் தயங்காமல் கைகாட்டுவார்கள். பாதை வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கம் காட்டினாலும் போய்ச் சேரலாம், தவறு என்று யாரும் நிரூபிக்க முடியாது.

மூன்றாவது, ஒலிபெருக்கித் தொண்டர். மைக் கைக்கு வந்தால் முதலில் நன்கொடையாளர் பெயர்கள், பிறகு இதர நன்கொடையாளர் பெயர்கள், அதற்கும் பிறகுதான் காணாமல் போனவர்கள். தீபத்தன்று பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் காவல்துறை கட்டிவிடுகிறது. பெரியவர்களுக்குக் கட்டுவதில்லை. அதனால் காணாமல் போன குழந்தை தொண்டர்களோடு சுண்டல் தின்றபடி நிம்மதியாக உட்கார்ந்திருக்க, அதன் தகப்பனாரை எங்கிருந்தாலும் மேடைக்கு வரச் சொல்லி அறிவிக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, தேர்த் தொண்டர். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடும். பராசக்தி அம்மன் தேரை இழுப்பது பெண்கள். சண்டிகேஸ்வரர் தேரை இழுப்பது சிறுவர்கள். அம்மன் தேரில் ஆண்களுக்கு வடம் கிடையாது, ஆனால் வாய்க்குத் தடையில்லை. "இடது பக்கம் இழுங்க" என்று சொல்ல ஓரத்தில் நூறு பேர் இருப்பார்கள். சிறுவர்களின் தேருக்கு அவர்களுடைய அப்பாக்கள் யோசனை சொல்வார்கள். இரண்டு தேர்களும் நிலைக்கு வந்து சேருகின்றன. யோசனைகளைப் பின்பற்றாததே காரணமாக இருக்கலாம்.

ஐந்தாவது, மலைத் தொண்டர். பேச்சு மிகக் குறைந்த இனம், ஏறும்போது மூச்சு மிச்சமிருப்பதில்லை. மகாதீபம் ஏற்றும் உரிமை வழிவழியாகப் பருவதராஜகுலத்தாருக்கு உரியது. 2,668 அடி உயர உச்சிக்கு ஆள் உயரக் கொப்பரையும், காடாத் துணித் திரியும், டன் கணக்கில் நெய்யும் மனிதத் தோளில்தான் ஏறுகின்றன. அங்கே ஃப்ளெக்ஸ் இல்லை, வைத்தாலும் கீழேயிருந்து யாருக்கும் தெரியாது. திருவிழா முடிந்த பிறகும் மலையேறுகிற சிலர் உண்டு. மரக்கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, கோடையில் காய்ந்த புல் தீப்பிடித்தால் இலைக்கொத்தால் அடித்து அணைக்கிறவர்கள் அவர்கள்.

ஆறாவது, மறுநாள் தொண்டர். பௌர்ணமி இறங்கிய காலையில் பாதை முழுக்கத் தட்டு, தொன்னை, பாதி தின்ற பொங்கல் கிடக்கும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் சம்பளத்துக்குச் செய்கிற வேலை அது, சம்பளத்தைவிட அதிகமாகவே செய்கிறார்கள். அவர்களோடு கையுறை மாட்டிச் சாக்கும் கையுமாகக் குனிந்து பொறுக்குகிற உள்ளூர்க்காரர் சிலரைத்தான் இந்த இனத்தில் சேர்க்க வேண்டும். முந்தின இரவு கரண்டி பிடிக்கப் போட்டியிட்டவர்கள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சத்தம், சண்டை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும், இத்தனை சிறிய ஊர் இத்தனை பெரிய கூட்டத்தைப் பட்டினி போடாமல் திருப்பி அனுப்புவது இந்தத் தொண்டர்களால்தான். கரண்டிக்கு ஆள் போதும். அடுத்த பௌர்ணமிக்குத் தொண்டு செய்ய நினைப்பவர்கள் ஒருநாள் தாமதமாக, துடைப்பத்தோடு வந்தால் நல்லது. அந்த வேலைக்குப் போட்டியே இல்லை.