சாட்சிக்கு வந்த தட்டு

ரெக்கார்டு என்ற ஒன்று வருவதற்கு முன்னால் பெரியவர்கள் அனுபவித்த சுகமே தனி. மகா வைத்தியநாத அய்யர் பாட்டென்றால் எப்பேர்ப்பட்ட பாட்டு தெரியுமா என்று ஒரு தாத்தா ஆரம்பித்தால், பேரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்க வேண்டியதுதான். அய்யர் 1893-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தட்டும் கிடையாது, நாடாவும் கிடையாது. தாத்தா எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம், சரிபார்க்க ஆளில்லை.

இந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட வந்தவர்தான் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். 1902-ல் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் வந்து இறங்கி, கௌஹர் ஜான் என்ற பாடகியை ஒரு புனலுக்கு முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார். மெழுகில் பதிந்த பாட்டு கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், ஹானோவரில் தட்டாகி ஊர் திரும்பும். அங்கே இருக்கிற ஜெர்மன்காரருக்கு எது யார் பாட்டு என்று எப்படித் தெரியும்? அதனால் பாடி முடித்த கையோடு அந்தம்மா தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லிவிடுவார்.

நம் பக்கத்து வித்வான்கள் பலரும் அந்தப் புனலைக் கண்டு ஒதுங்கினார்கள். அதில் பாடினால் குரல் போய்விடும், ஆயுசு குறையும் என்று பேச்சு. கண்டவன் கண்ட இடத்தில் வைத்துக் கேட்பானே என்ற கௌரவக் குறைச்சல் வேறு. துணிந்து முதலில் பாடியவர்களில் தேவதாசி மரபில் வந்த பெண்கள் அதிகம். வித்வான்களின் பயத்துக்கு நான் வேறு காரணம் வைத்திருக்கிறேன். சாட்சி பதிவாகிவிடும் என்பதுதான் அவர்களுக்குப் பயம். நாளைக்கு ஒரு பொடியன் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டு பேச்சு?" என்று கேட்டுவிட்டால்?

எங்கள் ஊர் கடையநல்லூரில் அதுதான் நடந்தது. என் பெரிய தாத்தாவிடம் ஒரு சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தது. அவருக்குத் தெய்வம் செங்கோட்டை கிட்டப்பா. 1906-ல் பிறந்து 1933-ல் கண்மூடியவர். இருபத்தேழு வயசு. அதற்குள் தமிழ்நாட்டையும் இலங்கையையும் தன் பாட்டுக்கு ஆட்டி வைத்துவிட்டுப் போனார். செங்கோட்டை எங்களுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்பதால் 'நம்மூர்க்காரர்' என்று தாத்தா உரிமை கொண்டாடுவார். அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-ல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அன்றைக்குக் காப்பி கிடைக்காது.

தட்டைப் போடுவது ஒரு பூசை மாதிரி நடக்கும். உறையிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, சின்ன டப்பாவிலிருந்து புது முள்ளை எடுத்து மாட்டி, சாவியை முறுக்கி, "சத்தம் போடாம இருங்கல" என்று எச்சரித்துவிட்டு முள்ளை இறக்குவார். முதலில் கொஞ்ச நேரம் யாரோ அடுப்படியில் அப்பளம் பொரிக்கிற சத்தம் வரும். அப்புறம் கிட்டப்பா வருவார்.

"ஏன் தாத்தா, இவரு இந்த ஓட்டம் ஓடுதாரு?" என்று கேட்டு அடி வாங்கியவன் என் சித்தப்பா மகன். கேள்வியில் நியாயம் இருந்தது. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம்தான். மேடையில் ராத்திரி முழுக்க நாடகம் நடத்தி, ரசிகர்கள் கேட்கக் கேட்கத் திருப்பித் திருப்பிப் பாடியவரைக் கூட்டிவந்து, மூன்று நிமிஷத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடித்துவிட்டு இறங்கு என்றால் அவர் என்ன செய்வார்? மைக் இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலை எறிந்து பழகிய தொண்டை அது. கேட்கிறவன் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அதற்குத் தெரியாது.

பாதியில் முறுக்கு தீர்ந்துபோனால் இன்னும் வேடிக்கை. உச்சத்தில் நின்ற கிட்டப்பா படிப்படியாக இறங்கி, குரல் தடித்து, சரணத்துக்கு நடுவில் ஒரு கட்டையில் வந்து படுத்தே விடுவார். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து போய்ச் சாவி கொடுப்பார். கிட்டப்பா எழுந்து உட்கார்ந்து மீதியைப் பாடுவார். நாங்கள் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரிப்போம்.

இதே தாத்தாவை அவருடைய வாலிபத்தில் அவர் அப்பா, கூத்தாடிப் பயல்கள் பாட்டைக் கேட்டுக் கெட்டுப்போனவன் என்று திட்டினாராம். திட்டு வாங்கிய தாத்தா தன் மகனைப் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டதற்காகத் திட்டினார். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-ல் வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. தாத்தாவுக்கு அது தெரியும். கிட்டப்பாவுக்குப் பிறகு பாட்டே கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்ள அவருக்குச் சிரமமே இருந்ததில்லை.

தாத்தாக்களிலேயே பெரிய தாத்தா டெல்லியில் இருந்தார். பெயர் பி.வி.கேஸ்கர். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு மட்டம், அது வானொலியில் கூடாது என்பது அவர் கட்சி. வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவின் காதைத்தான் திருகுவார்கள். இவர் கையில் ஸ்டேஷனே இருந்தது. நாடு முழுக்க ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அடங்கிப்போனது. ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்டுத் திருந்துவார்கள் என்று மந்திரி காத்திருந்தார். ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் தென்கோடிக்கு எப்போதுமே டெல்லி தூரம், கொழும்பு பக்கம். கடல் தாண்டி வந்து விழுகிற பாட்டுக்கு நம் ஊர் டீக்கடைகளில் கூட்டம் நின்றது. 1957-ல் சர்க்கார் விவித பாரதியை ஆரம்பித்து, வழிக்கு வந்தது. மந்திரியே தோற்ற வழக்கில் எங்கள் வீட்டு ஆட்கள் எம்மாத்திரம்?

எழுபது எண்பதுகளில் கடையநல்லூருக்கு வேறு ஒரு பாதையில் பாட்டு வந்தது. ஊர்க்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே தறியை விட்டுச் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர்கள். பிறகு துபாய், சவூதி என்று விமானம் ஏறினார்கள். லீவில் வருகிறவரின் பெட்டியில் சென்ட், கைலி, தைலம், இவற்றோடு ஒரு டூ-இன்-ஒன். எங்கள் தெருவில் முதல் நேஷனல் பானசோனிக் வந்த அன்று, நாகூர் ஹனிபா பஜார் முனைவரை கேட்டார். ஹனிபா பாட அந்த மிஷின் அவசியமா என்பதே கேள்வி. அந்தக் குரலுக்கு மைக்கே அதிகப்படி. பக்திப் பாட்டுக்கும் தி.மு.க. மேடைக்கும் ஒரே தொண்டை. அதனால் அவர் கேசட் எல்லாத் தெருவிலும் செல்லுபடியாகும்.

பாட்டு மட்டுமில்லை, கடிதமும் கேசட்டில்தான். எழுதச் சோம்பல்பட்டவர்களும் எழுதத் தெரியாதவர்களும் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னச் சில்லு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிய முடியாது. உடைத்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிவிட்டால் மறுபடி முடியும். இந்த இரண்டாவது விஷயம் துபாயில் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் மகனுக்குத் தெரியும். வெளிநாட்டு கேசட், நல்ல கேசட், சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் ரெக்கார்டிங் சென்டருக்குக் கொண்டுபோய், துண்டுச் சீட்டில் பன்னிரண்டு இளையராஜா பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமை உறவுக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்தார்கள். கேசட் ஓடியது. "எல்லாரும் சௌக்கியமா? கொத்தனாருக்கு மீதி ரூபாயை..." என்று வாப்பா ஆரம்பித்த இடத்தில் டப்பென்று தபேலாவும் புல்லாங்குழலும் எழுந்தன. கொத்தனாருக்குக் கொடுக்கச் சொன்னாரா, கொடுக்க வேண்டாம் என்றாரா? அடுத்த கடிதம் வரும்வரை சுவர் பாதியில் நின்றது. இளையராஜா மேல் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த கோபம் சங்கீத சம்பந்தமானதல்ல.

1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தபோது எங்கள் அப்பாக்கள் எம்.எஸ்.விஸ்வநாதனோடு பாட்டு முடிந்தது என்றார்கள். 1992-ல் ரஹ்மானின் 'ரோஜா' வந்தபோது நாங்கள் கச்சிதமாக அதே வசனத்தைப் பெயர் மட்டும் மாற்றிச் சொன்னோம். படத்தில் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம், தென்காசிக்குப் பக்கம். நம் வயல்வெளி, நம் காற்று என்று பெருமைப்பட்டிருக்கலாம். "மிஷினை வச்சு வாசிக்கான்" என்று உதட்டைப் பிதுக்கினோம். அந்தப் படத்துப் பாட்டைத்தான் இப்போது கல்யாண வீட்டு மெல்லிசைக்காரரிடம், "பழைய பாட்டா ஒண்ணு போடுங்கப்பா" என்று கேட்டு வாங்கிக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இப்போதைய பொடியன்களிடம் இந்த ஆட்டம் செல்லாது. எல்லாச் சாட்சியும் அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது. செத்துப்போன பாடகர்களே திரும்பி வந்து பாடுகிறார்கள். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காகச் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு கம்ப்யூட்டரில் உண்டாக்கினார் ரஹ்மான். என் அக்கா மகனோ பழைய பாட்டை வேகம் குறைத்து, கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆக்கிக் கேட்கிறான். புது ஸ்டைலாம். முறுக்கு தீர்ந்த கிராமபோனில் கிட்டப்பா இலவசமாகச் செய்துகொடுத்த வேலை இது.

போன வருஷம் சீசனுக்குக் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் வரிசை நகரவில்லை. அக்கா மகன் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினான்.

"மாமா, இது கேட்டிருக்கியளா? மஞ்சும்மல் பாய்ஸ் பாட்டு."

கமலும் ஜானகியும். 'கண்மணி'. எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏல, இது 1991-ல வந்த குணா பாட்டுல. இளையராஜா. எங்க காலத்துப் பாட்டு."

"அப்படியா? அப்ப தியேட்டர்ல பார்த்தியளா?"

அந்தத் தீபாவளிக்கு 'குணா'வும் 'தளபதி'யும் ஒரே நாளில் வந்தன. எங்கள் செட்டு முழுக்க ரஜினி செட்டு.

"இல்ல. தளபதிக்குப் போனோம்."

"கேசட் வாங்கினீயளா?"

"ரெக்கார்டிங் சென்டர்ல போட்டாங்க. பாட்டுக்கு நடுவுல பேசிட்டே இருக்காங்கன்னு மாத்தச் சொல்லிட்டோம்."

அவன் என் காதிலிருந்ததைப் பக்குவமாகக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப இது எங்க காலத்துப் பாட்டுதான் மாமா" என்றான். வரிசை நகர்ந்தது.