பார்ட் டைம்: காலை 9 முதல் இரவு 9 வரை

கொஞ்ச நாள் முன்னால் மடிப்பாக்கத்தில் ஒரு பேக்கரி வாசலில் அட்டை தொங்கியது. "பார்ட் டைம் வேலைக்கு ஆள் தேவை. காலை 9 முதல் இரவு 9 வரை. முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும்." கல்லாவில் இருந்தவரிடம், "பார்ட் டைமே இவ்வளவுன்னா ஃபுல் டைம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "அது தங்கி வேலை பாக்கறது சார்" என்றார், சிரிக்காமல். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லும் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது 1947-இல். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "பன்னா, பட்டர் பிஸ்கட்டா?" என்றார். பட்டர் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் போனது தங்கை மகனுக்காக. ஊர் திண்டுக்கல். இங்கே புறநகரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க சனி, ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். "செலவுக்கு அப்பாகிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு மாமா, எதாவது பார்ட் டைம் பாத்துக் குடுங்க" என்றான். நல்ல பிள்ளை. வேலைக்குப் போகிறவனுக்கு உண்மையில் வேண்டிய திறமைகள் மூன்றே மூன்று என்பது என் நெடுநாள் கருத்து. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

"உனக்கு என்ன மாப்ளே தெரியும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். எச்சில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ராத்திரி எட்டரை மணிக்கு "குட் மார்னிங் சார்" என்றான்.

செல்ஃப் இன்ட்ரோ! இன்டர்வியூவில் ஒப்பிக்க காலேஜில் மனப்பாடம் செய்யவைக்கும் சுய அறிமுகம். உங்கள் வீட்டிலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். "மை ஃபாதர் இஸ் ரன்னிங் எ பிசினஸ், மை மதர் இஸ் எ ஹோம் மேக்கர்." அவன் அப்பா நடத்துவது மாவு மில். லீவு நாளெல்லாம் இவன் அதில்தான் நின்றான். எந்த டப்பா யாருடையது என்று பெயர் எழுதாமலே தெரியும். மிளகாய் அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் ஊரே சண்டைக்கு வரும் என்பதால், வரிசையில் யாரை முன்னால் விடுவது, யாரை நல்ல வார்த்தை சொல்லி நிறுத்திவைப்பது என்று பத்தாம் வகுப்பிலேயே கரை கண்டவன். சில்லறை ஒரு ரூபாய் தவறியதில்லை. "அதைச் சொல்லேண்டா" என்றேன். "அதெல்லாம் ஸ்கில்லா மாமா?" என்றான். பிளேஸ்மென்ட் ட்ரெய்னர் கேட்டால் சிரிப்பாராம்.

பிறகு "மை ஸ்ட்ரெங்த்." ஹார்ட் வொர்க்கர், க்விக் லேர்னர். பிறகு "மை வீக்னஸ்." ஐ ட்ரஸ்ட் பீப்பிள் ஈசிலி. பலவீனத்தைச் சொன்னால்கூட அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் கண் கலங்க வேண்டும் என்பது பாடத்திட்டம். ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திருக்காதது, துவைத்த துணியை நாற்காலியிலேயே சேர்த்துவைப்பது போன்ற அசல் பலவீனங்களைச் சொல்லக் கூடாது. வகுப்பு முழுக்க இதே பலவீனம்தானாம். அத்தனை பேரும் மனிதர்களை எளிதில் நம்புகிறவர்கள். "பக்கத்து காலேஜ்லயும் இதான் மாமா." அவன் சீனியருக்கும் அதுதான், அந்த சீனியரின் தம்பிக்கும் அதுதான். நடுவில் "மை ஹாபி" வேறு. லிசனிங் டு மியூசிக் பழையது. 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து ப்ளேயிங் செஸ்ஸும் சேர்ந்துகொண்டது. "குதிரை எப்படிடா போகும்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "வேகமா" என்றான். அதற்கப்புறம் "ஷார்ட் டேர்ம் கோல்." டு கெட் எ ஜாப் இன் எ ரெப்யூட்டட் ஆர்கனைசேஷன் லைக் யுவர்ஸ். அதை என்னைப் பார்த்துச் சொன்னான். நம் வீட்டைத்தான் சொல்கிறான் என்று என் மனைவி இன்னொரு கரண்டி நெய் விட்டாள். "லாங் டேர்ம் கோல்" தொடங்குவதற்குள் ரசம் ஆறி, அப்பளம் நமுத்துவிட்டது. கடைசியில் "தேங்க் யூ ஃபார் திஸ் ஆப்பர்ச்சூனிட்டி சார்" என்று உட்கார்ந்து அப்பளத்தை எடுத்தான். தமிழ்நாட்டில் இந்த செல்ஃப் இன்ட்ரோவைத் திருப்பிச் சொல்லிப் பார்க்காத குளியலறை இருக்காது.

ஆனால் அந்த வீக்னஸ் மட்டும் பொய்யில்லை. டெலிகிராமில் ஒருத்தி, பெயர் எப்போதும் ப்ரியாவோ அனன்யாவோ, "வீடியோவுக்கு லைக் போடுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்" என்று வருகிறாள். முதலில் நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே வருகிறது. அப்புறம் "ப்ரீபெய்ட் டாஸ்க்" என்று ஆயிரம் கட்டச் சொல்கிறாள். அது பத்தாயிரமாகிறது. கட்டியதை எடுக்க இன்னும் கட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் நம் ஹார்ட் வொர்க்கர் 1930-க்கு போன் செய்து சைபர் க்ரைமில் புகார் சொல்கிறான். இவன் ஹாஸ்டல் அறைத்தோழனுக்கு இது நடந்திருக்கிறது. சாஃப்ட் ஸ்கில் வகுப்பு மாத்திரம் வாரா வாரம் நடக்கிறது.

எங்கள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ப்ளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். லோயர், ஹையர். ஏ எஸ் டி எஃப் என்று விரல் தேயத் தட்டியதில் பக்கத்து மெஷினில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் இன்றுவரை நினைவிருக்கிறது. அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்டர்வியூ கார்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்தே ஒரு தலைமுறைக்கு நரை விழுந்தது. பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை வாங்க, பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். வேலை இல்லாமல் இருப்பதற்கே ஐந்து வருட முன் அனுபவம் கேட்கிற நாட்டில், பேக்கரிக்காரர் பன் எடுத்துக் கொடுக்க அனுபவம் கேட்டதில் தப்பென்ன?

விஷயத்துக்கு வருகிறேன். வரமுடியவில்லை, தங்கை போன் செய்துவிட்டாள். "அண்ணே, அவனைக் கடைகிடையில நிக்க வச்சிராத. சொந்தக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?" இவளுடைய நாத்தனார் மகன் மெல்போர்னில் படிக்கிறான். ஊரில் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவியறியாதவன், அங்கே ஓட்டலில் தட்டு கழுவுகிறான். படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் கழுவலாம் என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் கட்டுப்படுத்தியிருப்பதில் குடும்பத்துக்கே வருத்தம். அதைக் கல்யாண வீடுகளில் "பார்ட் டைம் பண்றான்" என்று சொல்லும்போது இவள் குரலில் வரும் பெருமை இருக்கிறதே! அதே தட்டு, அதே சோப்பு. நடுவில் கடல் இருந்தால் போதும் போலிருக்கிறது.

கடைசியில் வேலையை அவனே தேடிக்கொண்டான். கேட்டரிங். முகூர்த்த நாளில் மண்டபத்தில் பரிமாறுவது. மேஸ்திரி செல்ஃப் இன்ட்ரோ கேட்கவில்லை. "கறுப்பு பேன்ட் இருக்கா? காலைல அஞ்சு மணிக்கு வந்துருவியா?" இவ்வளவுதான் இன்டர்வியூ. முதல் பந்தியில் இலையைத் திருப்பிப் போட்டு, நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வரவேண்டும் என்பதை ஒரு பெரியவரின் திட்டில் கற்றுக்கொண்டான். மூன்றாம் பந்திக்குள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வேகமாக நடக்க வந்துவிட்டது. பாயசம் முடியப்போகிறது என்பதைக் கரண்டியின் கனத்தை வைத்தே சொல்கிறான். இரண்டாம் முறை பாயசம் கேட்டுக் கோபிக்கிற மாப்பிள்ளை வீட்டு மாமாவிடம், "வருது சார்" என்று இன்முகத்தோடு சொல்லிவிட்டு வராமலே இருக்கவும் கற்றுவிட்டான். இதற்குத்தான் வெளியே ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார்கள்.

தங்கையிடம் இன்டர்ன்ஷிப் என்று சொல்லியிருக்கிறோம். "ஞாயித்துக்கெழமைகூட விட மாட்டேங்குறாங்களே, பெரிய கம்பெனி போல" என்கிறாள்.

பேசியது 600 ரூபாய். மேஸ்திரி கையில் கொடுத்தது 500. கேட்டதற்கு, "அதான் சாப்பாடு போட்டோம்ல" என்றாராம். காலை ஐந்து மணியிலிருந்து மாலை நான்கு வரை நின்ற பையன், கடைசிப் பந்தி எழுந்த பிறகு மிஞ்சிய ரசத்தையும் உடைந்த அப்பளத்தையும் சாப்பிட்டதற்கு நூறு ரூபாய்! இவன் வாயைத் திறக்கவில்லை. அத்தனை ட்ரெய்னிங்கில் கூலியை முழுசாகக் கேட்டு வாங்குவது எப்படி என்று ஒரு வகுப்புகூட இல்லையாம். மேஸ்திரியின் நம்பரை வாங்கி நானே போன் செய்தேன். எடுக்கவில்லை. இதை முடித்துவிட்டு மறுபடி போடப்போகிறேன். அந்த மூன்று திறமைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.