ஊட்டியா, உள்ளூரா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊட்டி போகவேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். உள்ளூரிலேயே சமாளிக்க வழி உண்டா?
- ஒரு வாசகர், நெம்மேலி

பதில்: முயன்று பாருங்கள். ஏறத்தான் வேண்டும் என்றால் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் இருக்கிறது. கீழே வந்ததும் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள். அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். பல்லவர் காலத்திலேயே தேர்தல் இருந்ததோ என்று சந்தேகம் வரும்! வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. அசையாமல் வாய்பிளந்து கிடப்பதைப் பொம்மை என்று நினைத்துக் கல்லெறிகிற புண்ணியவான்கள் உண்டு. பிள்ளைகளைக் கண்டித்துக் கூட்டிப்போங்கள். அலைச்சறுக்குக்குக் கோவளம்.

ஆனால் ஒன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 46 கிலோமீட்டரைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தில் ஏறும் மலை ரயிலுக்கு நம் கடற்கரையில் மாற்று கிடையாது. மே மாதக் குளிருக்கும் கிடையாது. எனவே என் தீர்ப்பு வீட்டம்மா பக்கமே. சொந்தக் காரில் போவதானால் முதலில் இ-பாஸுக்குப் பதிவுசெய்யுங்கள்; 2024 மே மாதம் வந்த ஏற்பாடு அது.