பீக்கோ ட்ரெயில்: 23ஆம் கட்டத்துக்கான விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் நடைபாதைக்கு எங்கள் தோட்ட லயத்தின் வாழ்த்துகள். 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பாட்டன் பூட்டன் வெட்டிய பாதைதான். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியமும் யூஎஸ்எயிடும் காசு தந்த பிறகுதான் அது நடக்கத் தகுந்தது என்று எங்களுக்கே தெரிந்தது.

நடையில் எங்களுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. பயணி கையில் ஊன்றுகோல், எங்கள் கையில் மட்டக்கம்பு. அவருக்கு மழை அங்கி, எங்களுக்குப் படங்கு. மூச்சு வாங்கினால் அவர் கல்லில் உட்கார்ந்து படம் எடுப்பார். நாங்கள் உட்கார்ந்தால் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

சம்பளத்திலும் மலையேற்றம்தான். ஆயிரம் ரூபாய் என்ற சிகரத்தை 2021இல்தான் தொட்டோம். 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்தச் செப்டெம்பரில் பார்த்தால் 1,350இல் நின்றோம். இவ்வளவு செங்குத்தான இறக்கம் உங்கள் 22 கட்டங்களில் எதிலாவது உண்டா?

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையை 23ஆம் கட்டமாக அறிவியுங்கள். பிள்ளைகள் நடக்கும்வரை அது வெறும் பாதை. வெள்ளைக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்தால் மறுவாரமே படிக்கட்டு வந்துவிடும்.

2. துரை பங்களாக்கள் பல இப்போது ஹோட்டல்கள். பழைய கால வாழ்க்கையை அப்படியே அனுபவிக்க விரும்பும் பயணிகளை எங்களிடமும் அனுப்பலாம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, வெள்ளைக்காரன் கட்டியபடியே இருக்கிறது. மழை நாளில் உள்ளேயே அருவி பார்க்கலாம்.

3. லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்த கல் இருக்கையைப் பயணிகளுக்குக் காட்டுகிறீர்கள். சந்தோஷம். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கும் பக்கத்தில் ஒரு பலகை நடுங்கள்.

4. பூஜ்ஜியக் கட்டம் ஒன்றும் வேண்டும்: மன்னாரிலிருந்து மாத்தளை வரை. கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் காட்டு வழியே நடந்து வந்த பாதை அது. வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வருகையின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அதற்கு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இடமில்லை. திரும்பும் பாதையையும் குறிக்க மறக்காதீர்கள். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதினார்கள். எந்தக் கட்டத்திலும் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

பதில் அனுப்புவதில் ஒரு சிரமம். எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயரும் இல்லை. தபால் தோட்டத்து ஆபிசோடு நின்றுவிடும். ஆனால் காம்பராவுக்குப் பின்னாலுள்ள பீலிக்கரை வழியாக நாள் தவறாமல் பயணிகள் வருகிறார்கள். யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் வரைபடம் எங்கள் வாசல்வரை சரியாக வழிகாட்டும்.

இப்படிக்கு,
காணி உறுதிக்குக் காத்திருக்கும்
லயத்து மக்கள்,
ஹட்டன்.