அத்தைக்கு ஒரு சுவர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தனி வீடுகளாக இருந்த காலத்தில், கூடத்துச் சுவரில் எது தொங்க வேண்டும் என்பதை அந்தந்த வீட்டின் மூத்த பெண்மணிதான் முடிவு செய்வார். பத்திரம் தாத்தா பேரில் இருக்கும். மாதச் செலவுக் கணக்கு அப்பா கையில் இருக்கும். சுவர் பாட்டியுடையது. அந்த உரிமையை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை; யாரும் அதைக் கேள்வி கேட்டதும் இல்லை.

இன்று அதே தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கோடை வந்தால் முதியோருக்குக் கைவேலை வகுப்பு நடக்கிறது. பொருள்களெல்லாம் பெட்டியில் தயாராக வருகின்றன. சொல்லிக்கொடுக்க ஆசிரியை வருகிறார். ஏசி ஓடுகிறது. அன்று இவை எதுவுமே கிடையாது, ஆனால் சுவர் நிறைந்திருந்தது. இன்று எல்லாம் இருக்கிறது, செய்ததை மாட்டச் சுவர் இல்லை.

பாட்டியின் கைவேலைக்குக் கோடைதான் காலம். அதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஊரில் ஒட்டியது எதுவும் காயாது. அட்டை பூசணம் பிடிக்கும். மே மாதம் கத்திரி தொடங்கிவிட்டால் காலையில் ஒட்டியது மதியத்துக்குள் இறுகிவிடும். மொட்டை மாடியில் ஒரு பக்கம் ஜவ்வரிசி வடாம், இன்னொரு பக்கம் கைவேலை. வடாத்துக்குக் கிளறிய கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து நீர்க்க விட்டு, கொக்கி ஊசியால் பின்னிய நூல் பூவை அதில் முக்கிக் காயவைப்பார். விறைத்து நிற்கும். அடையாறு முகத்துவாரம் பக்கம்தான் என்பதால், மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பியதும் கூடத்தில் உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுப்பார்.

அவருடைய பெரிய வேலை சாமி படத்துக்குப் புடவை கட்டுவது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம் அது. ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கழித்துவிட்டு லட்சுமியை அட்டையில் ஒட்டுவார். மெல்லிய தாளை மேலே வைத்துப் புடவையின் மடிப்புகளைப் பென்சிலால் எடுப்பார். கிழிந்துபோன பட்டுப் புடவையிலிருந்து அந்த அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டுவார். தலைப்புக்கு ஜரிகை, ஒட்டியாணத்துக்குச் சம்கி, மூக்குத்திக்கு ஒரே ஒரு வெள்ளை மணி. முகத்திலும் கையிலும் பசை படவே கூடாது. ஒட்டியதும் மேலே பழைய துணி போட்டு, அரிசி டப்பாவைப் பாரமாக வைத்து ஒரு ராத்திரி அப்படியே விடுவார்.

பசையையும் அவரே காய்ச்சுவார். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறி, இறக்கும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை. புத்தகம் பைண்டு செய்கிறவர்களின் முறை அது. துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம் என்பதால் அந்தக் கிண்ணத்தைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு கடையில் கண்ணாடியும் மரச்சட்டமும் போட்டு வாங்கி வருவோம்.

மாட்டுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. சுண்ணாம்புச் சுவரில் வெறும் ஆணி நிற்காது. துளை போட்டு மரத்தக்கையை இறுக்கி அதில்தான் ஆணி. படத்தின் அடிப்பாகம் சுவரோடு ஒட்டியிருக்கும்; மேற்பாகம் கயிற்றில் முன்னால் சாய்ந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்த காலம். கீழே இருந்து நிமிர்ந்து பார்க்கிறவருக்குப் படம் குனிந்து முகம் காட்டும். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சமும் அடிக்காது.

லட்சுமிக்குப் பக்கத்தில், ஒயர் கூடைக்குப் போக மிஞ்சிய துண்டுகளில் பின்னிய கிளி. பட்டினப்பாக்கம் கடற்கரையில் நாங்கள் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களில் ஒரு மயில். வாசல்படியில் பாசிமணித் தோரணம். அழகுதானா என்று கேட்டால், எல்லாமே அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். “இது யார் பண்ணினது?” என்பார்கள். பாட்டி பதில் சொல்ல மாட்டார். நாங்கள் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பார்.

என் அத்தை அந்தப் பாட்டியின் மகள். ஒயர் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர். இப்போது மகனோடு இருக்கிறார். அந்தக் குடியிருப்பின் கோடை வகுப்பில் அவருக்குக் கிடைத்தது காகிதத் தட்டு, மஞ்சள் பெயிண்ட், சூரியகாந்தி. இதழ்கள் முன்கூட்டியே வெட்டி வந்திருந்தன. ஒட்டினால் போதும்.

“குழந்தைங்க பண்றதை எங்ககிட்ட குடுக்கறா. கை நடுங்கறது வாஸ்தவம்தான். மூளையுமா நடுங்கறது?” என்றார் என்னிடம்.

அத்தை சொன்னது முழுக்கச் சரி. முதியோருக்கு எளிதான வேலை என்றால் கைக்கும் கண்ணுக்கும் எளிதாக இருக்க வேண்டும். மனசுக்கு அது பெரிய வேலையாகவே இருக்கலாம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எவ்வளவு இடைவெளி, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதையும் பெட்டிக்காரர்களே முடிவு செய்துவிட்டால் மிச்சமிருப்பது கூலி வேலைதான்.

வகுப்பில் செய்த சூரியகாந்தியை ஆசிரியை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். பதினைந்து பேர் கைதட்டும் படம் போட்டார்கள். பூ பரணுக்குப் போனது. வீட்டை இன்டீரியர் ஆள் வைத்துச் செய்திருக்கிறார்கள். கூடத்துச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.

இந்தக் கோடையில் நானும் அத்தையும் பனையோலை விசிறியில் இறங்கினோம். இந்த ஊருக்கும் ஓலைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. எங்கள் பகுதிக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் செட்டிநாட்டில்தான் ஆச்சிமார்கள் பனையோலையைச் சாயம் தோய்த்துக் கொட்டான் பின்னி, சீர்வரிசைக்கு வைத்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் ஓலைப் பின்னல் பெண்களின் கையில்தான் இருக்கிறது. கோடைக்கு ஓலையை விடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. எடை இல்லை. கண்ணாடி போல உடைந்து காலில் குத்தாது.

சாதாரண விசிறிகளை வாங்கி வந்தோம். அத்தையின் பழைய சுங்குடிப் புடவைகளின் கரையைக் கிழித்து விளிம்பில் மடித்து வைத்து, பெரிய காதுள்ள ஊசியால் நேர்த்தையல். புதிதாக மடக்க வேண்டிய ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். கண்புரை ஆபரேஷன் ஆன கண் என்பதால், வெளிர்த் துணியில் அடர்ந்த நிற நூல். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் வேலைமேல் விழும். காலையில் அவருக்கு விரல் மூட்டுகள் மடங்காது. பதினொரு மணிக்கு மேல் இளகும், அப்போதுதான் தொடங்குவோம். கத்தரிக்கோலின் பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தேன். சிறிய பாசிமணியை எடுக்க விரல் வராது. தேவராஜ முதலி தெருவில் சுண்டைக்காய் அளவு மர மணி கிடைக்கிறது, அது வரும்.

விசிறிகள் முடிந்த பிறகு சுவருக்காக அவர் மகனிடம் பேசினேன். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்குக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவன். “அம்மா ரூம்ல வேணா மாட்டிக்கலாமே” என்றான். “அங்க யார் வந்து பாக்கறா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உள்ள சுவரைக் கொடுத்தான். ஆணி வேண்டாம் என்றான். விசிறிக்கு ஆணி எதற்கு, ஒட்டுக் கொக்கியே தாங்கும். சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, கொக்கியை அழுத்தி ஒட்டி, ஒரு நாள் பாரம் ஏற்றாமல் விட்டுத்தான் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டும்போது மகன் தன் கண் மட்டத்தில் கையை வைத்தான். “இன்னும் கீழே” என்றார் அத்தை. இறக்கினான். “இன்னும்.” பார்க்கிறவருக்குத் தாழ்ந்து தெரியுமே என்று அவன் தயங்கினான்.

“நிக்கறவாளுக்கு இல்லடா. நான் நாள் பூரா உக்காந்துண்டிருக்கேன். நான் பாக்கணும்.”

நாற்காலியில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டி இடம் காட்டினார். அங்கேயே கொக்கி ஒட்டினோம். இப்போது இரண்டாவது வரிசைக்குப் பச்சையும் அரக்கும் போதவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பூக்கடைப் பக்கம் போனால் ஒயர் ஒரு கட்டும் வாங்கி வர வேண்டும், சிவன் கண் விரலுக்கு வருகிறதா என்று பார்க்கப் போகிறாராம்.