ஊக்கும் வட்டியும்

கேள்வி: கிழிந்த சட்டையும் கலக முழக்கமுமாக வந்த லண்டன் பங்க் இசைக்காரர்கள் கடைசியில் யாரைக் கவிழ்த்தார்கள்?

பதில்: ரசிகனின் சட்டைப்பையை! 1977இல், எலிசபெத் ராணியின் வெள்ளிவிழா ஆண்டிலேயே அவரைக் கிண்டலடித்துப் பாடியது செக்ஸ் பிஸ்டல்ஸ் கோஷ்டி. பிபிசி ஒலிபரப்ப மறுத்தது, ரெக்கார்டு பறந்தது. பின்னாளில் பங்க் சட்டைக் கிழிசலைச் சேர்த்துப் பிடித்த ஊக்குக்கும் யோகம் அடித்தது. 1994இல் அதையே தங்க நிறத்தில் பெரிதாக்கி, நடிகை எலிசபெத் ஹர்லியின் கறுப்பு கவுனில் வரிசையாகக் குத்திவிட்டார் ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சே. உச்சக்கட்டம் 2015இல். அந்தக் கோஷ்டியின் ஆல்பம் அட்டையையே அச்சடித்து கிரெடிட் கார்டு விட்டது விர்ஜின் மணி. (ஆல்பத்தை வெளியிட்டதும் ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் கம்பெனிதான், பழைய பாசம்!) ராஜாங்கத்தைத் திட்டிய கோஷ்டியின் அட்டையைத் தேய்த்து சோபா வாங்கலாம் என்றானது. தவணை தவறினால் மட்டும் கலகம் செல்லாது, வட்டி உண்டு.