சூடான பதில்கள்: போர்ஷே டர்போ ஸ்பெஷல்

தக்காளி விலை, பல்வலி, தேர்தல் கூட்டணி எல்லாவற்றுக்கும் இந்த இதழில் விடுமுறை. ஸ்டுட்கார்ட் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர், நண்பரோடு சேர்ந்து 1979 மாடல் போர்ஷே 911 டர்போவின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டதாகப் போன இதழில் எழுதினாலும் எழுதினார், தபால் முழுக்க ஆயில் வாசனை.

கே: சிலர் 'போர்ஷே 930' என்கிறார்கள், சிலர் '911 டர்போ' என்கிறார்கள். எது சரி? (சேலம் வாசகர்)

ப: இரண்டும். 930 கம்பெனிக்குள் வைத்த எண். 911 டர்போ ஷோரூமில் சொல்லும் பெயர். எந்தப் பெயரைச் சொன்னாலும் விலை குறையாது.

கே: டர்போ என்ன செய்கிறது? ஒரே வரியில் சொல்லுங்கள் மாமா. (தஞ்சாவூர் வாசகி)

ப: சைலன்ஸர் வழியாக வீணாய்ப் போகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் ப்யூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டாவது வரி இலவசம்.

கே: 1905-இல் காப்புரிமை என்றால் காருக்கு வர ஏன் அவ்வளவு தாமதம்? (நெல்லை வாசகர்)

ப: சூடு. டீசல் புகையோடு ஒப்பிட்டால் பெட்ரோல் புகை பொல்லாதது. முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸை எட்டும். அதனால் முதலில் கப்பல், லாரி, விமானம். கார் கடைசி வரிசை.

1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. இன்ஜின் 'நாக்' (பெட்ரோல் தறிகெட்டு வெடிப்பது) அடிக்காமலிருக்க மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். அதன் பெயர் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. பெயரில் மயங்கிக் காரை வாங்கியவர்கள் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. ராக்கெட் தரையிறங்கியது.

கே: போர்ஷே எப்போது களத்தில் இறங்கியது? (ஈரோடு வாசகர்)

ப: 1974 அக்டோபர், பாரிஸ் கண்காட்சி. 3 லிட்டர், 260 குதிரைத்திறன். முந்தைய அக்டோபரில்தான் அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டுப் போட்டிருந்தன. ஜெர்மனியில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. 1973-இல் முந்திக்கொண்டு வந்த பி.எம்.டபிள்யூ 2002 டர்போ, 1672 கார்களோடு மூட்டை கட்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் போர்ஷே பந்தல் போட்டது. பஞ்சாங்கம் பார்க்காதவர்களுக்கும் சில சமயம் ஜெயம் உண்டு.

கே: முதல் டர்போ யாருக்குப் போனது? (மதுரை வாசகி)

ப: கம்பெனியை நிறுவிய ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் லூயிஸ் பீயெக்குக்கு, 70-வது பிறந்தநாள் பரிசாக. நாமாக இருந்தால் பீமரத சாந்தி செய்துவைத்து, "இனி மாடிப்படி ஏறாதீங்கம்மா" என்றிருப்போம்.

கே: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காதாமே? (கோவை வாசகர்)

ப: மாநகராட்சிக் குழாயைத் திறந்த அனுபவம் உண்டா? முதலில் வெறும் காற்று. என்னடா என்று குனிந்து பார்க்கும்போது முகத்தில் அடிக்கும் பாருங்கள், அதேதான். டர்போ திணிக்கும் காற்றில் 'நாக்' வரக்கூடாது என்று முதல் மாடலின் கம்ப்ரஷனை 6.5-க்கு 1 எனக் குறைத்து வைத்தார்கள். டர்போ ஊதும்வரை அது சோம்பேறி இன்ஜின். ஊதியபின் நீங்கள் சோம்பேறியாக இருக்கக்கூடாது.

கே: 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் வேறு உண்டாமே? (அதே கோவை வாசகர்)

ப: இன்ஜின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் பயந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். எடுக்காவிட்டால் அந்த நேரம் பார்த்து டர்போ கண் விழிக்கும். பயப்படுவதை வளைவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

கே: காரின் முதுகில் இருக்கும் அந்தப் பெரிய தட்டு அழகுக்கா? (திருச்சி வாசகி)

ப: 1978-இல் 3.3 லிட்டர் ஆக்கியபோது அதற்குள் இன்டர்கூலரை வைத்தார்கள். அமுக்கிய காற்று சூடாகும். ஆற்றிக் கொடுத்தால் அடர்த்தியாகும். 300 குதிரைகள் கிடைக்கும். வெளிநாட்டு ரசிகர்கள் அதை 'டீ ட்ரே' என்றார்கள். டீயை மட்டும்தான் அது ஆற்றுவதில்லை.

கே: காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. அதனால்தான் இன்ஜினைப் பிரித்தோம். சரிதானே? (ஸ்டுட்கார்ட் வாசகர்)

ப: பிரிக்கும் முன் கேட்டிருக்கலாம். ஆறு சிலிண்டர்களும் படுத்த வாக்கில் இருக்கும் இன்ஜின் அது. நிறுத்தி வைத்தால் கொஞ்சம் ஆயில் கசிந்து உள்ளே இறங்குவது சகஜம். ஒரு நிமிடத்தில் நின்றால் அது குணம். ஊர் எல்லை தாண்டியும் நிற்காவிட்டால் வியாதி: வால்வு கைடு, ரிங் அல்லது டர்போவின் சீல்.

கே: பிரிக்காமலே எது வியாதி என்று கண்டுபிடிக்க முடியுமா? (ஸ்டுட்கார்ட் வாசகரின் நண்பர், சற்றுக் கோபமாக)

ப: முடியும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சப் புள்ளியில் பிஸ்டனை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுவிட்டுக் காதை வையுங்கள். சைலன்ஸரில் 'உஸ்' கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே வரும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் டேங்க் மூடியைத் திறந்ததும் கேட்டால் ரிங். மூன்று இடத்திலும் கேட்டால், அதில் ஒன்று உங்கள் பெருமூச்சு.

கே: சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் இரண்டு, தொட்டதும் கையோடு வந்துவிட்டன. எங்கள் தவறா? (ஸ்டுட்கார்ட் வாசகர்)

ப: இல்லை, சூட்டின் தவறு. ஒரு சிலிண்டருக்கு நாலு வீதம் மொத்தம் 24 ஸ்டட். அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், சாதாரண ஸ்டீல் அவ்வளவு விரியாது. அதனால் அலுமினியத்தோடு ஈடுகொடுத்து விரியும் 'டிலாவார்' என்ற கலவையில் ஸ்டட் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கீழ்வரிசையில், எக்ஸாஸ்ட் சூடும் ரோட்டுத் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடத்தில், அது அரித்து, விரிசல் விட்டு, முறிந்தது. கார் ஷெட்டில் சும்மா நிற்கும்போதுகூட முறியும்.

மீதி 22-ஐ நம்பாதீர்கள். இரண்டு பேர் ராஜினாமா செய்துவிட்டால் மற்றவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கே: சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்துவிடலாமே? (சிவகாசி வாசகர்)

ப: வார்ப்பிரும்பாக இருந்தால் செய்யலாம். இது அலுமினியக் குழல். உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த 'நிக்கசில்' பூச்சு. பூச்சைச் சுரண்டினால் பிஸ்டன் உரச மிஞ்சுவது வெறும் அலுமினியம். முதலில் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். கெட்டிப் பூச்சு, பல சமயம் தேய்ந்தே இருக்காது. தேய்ந்திருந்தால் மறுபூச்சு, இல்லை புதுசு. லேத்துக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்புங்கள்.

கே: கனெக்டிங் ராடு போல்ட்டுகள் பளபளவென்றுதான் இருக்கின்றன. அதையே போடலாமா? (ஓசூர் வாசகர்)

ப: இறுக்கும்போது இழுபட்டு நீள்வதுதான் அந்தப் போல்ட்டின் தொழில். ஒருமுறை நீண்டது மறுபடி அதே பிடி பிடிக்காது. ஓடும்போது அறுந்தால் ராடு இன்ஜின் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜினுக்கு ஜன்னல் வைக்க விருப்பமென்றால் பழையதையே போடுங்கள்.

கே: கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும் சேர்க்கப் போகிறோம். நல்ல நேரம் சொல்லுங்கள். (ஸ்டுட்கார்ட் வாசகர்)

ப: செல்போனை அணைத்தபின் எல்லா நேரமும் நல்ல நேரம். இரண்டு பாதிக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது, மெல்லிசாகப் பூசும் பசை மட்டும்தான். அதிகமானால் பிதுங்கி ஆயில் ஓட்டையை அடைக்கும்; குறைந்தால் ஆயுளுக்கும் ஒழுகும். பூசிவிட்டால் உலர்வதற்குள் மூடி, வரிசைப்படி போல்ட் இறுக்கியாக வேண்டும். நடுவில் டீக்குப் போகிற வேலை கிடையாது.

ஆகவே டியூபைத் திறக்கும் முன்பே பாருங்கள்: ஆறு சிலிண்டருக்கு எட்டு மெயின் பேரிங், எட்டும் உட்கார்ந்தாயிற்றா? எட்டாவதன் ரப்பர் வளையம் இருக்கிறதா? டைமிங் செயின் இரண்டும் உள்ளே மாட்டியாயிற்றா? கேஸை மூடியபின் செயின் ஞாபகம் வந்த மெக்கானிக் பேசும் ஜெர்மன், எந்த அகராதியிலும் கிடைக்காது.

கே: டர்போவையும் நாமே பிரித்துப் பார்க்கலாமா? (வேலூர் வாசகர்)

ப: வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற கணக்கில் ஓடும் சமாச்சாரம். தண்டு மிதப்பது ஆயில் படலத்தில். பாலன்ஸ் செய்யும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆசைக்குத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் துளி ஆடினால் பரவாயில்லை. முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிறபடி ஆடினால் பர்ஸைத் தொட்டுப் பாருங்கள்.

கே: மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? (சென்னை வாசகர்)

ப: "இவ்ளோ தூரம் பிரிச்சாச்சு, இதையும் மாத்திடலாமே" என்று மெக்கானிக் எத்தனை முறை சொல்கிறாரோ, அத்தனை மடங்கு.

கே: எல்லாம் மாட்டி முடித்தாயிற்று. ஒரே ஒரு வாஷர் மட்டும் மிச்சம். என்ன செய்யலாம்? (ஸ்டுட்கார்ட் வாசகரின் நண்பர்)

ப: கழற்றலாம்.

கே: முதல் ஸ்டார்ட்டுக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாமா? (கும்பகோணம் வாசகி)

ப: தாராளமாக. அதற்கு முன் இக்னிஷனையும் பெட்ரோல் பம்ப்பையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். பிளக் வயர்களை 1-6-2-4-3-5 என்ற வரிசையில் சரிபாருங்கள். வரிசை மாறினால் பட்டாசுச் செலவு மிச்சம்.

கே: புது இன்ஜின், ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயிலையே காணோம்! (ஸ்டுட்கார்ட் வாசகர், தந்தி வேகத்தில்)

ப: அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? இது 'டிரை சம்ப்'; ஆயில் தனி டேங்கில் இருக்கும். நன்றாகச் சூடேறியபின், சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறியபின் பார்த்துப் பதறி இரண்டு லிட்டர் கூடுதலாக ஊற்றியவர்கள், மறுநாள் தெருவுக்கே கொசுமருந்து அடித்தார்கள்.

கே: வேகமாக வந்து வாசலில் சட்டென்று அணைத்தால் என்ன? (புதுச்சேரி வாசகர்)

ப: ஆயில் ஓட்டம் நிற்கும், டர்போவின் சூடு நிற்காது. தேங்கிய ஆயில் கருகிக் கரியாகி பேரிங்கைத் தின்னும். அந்தக் கால போர்ஷே டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் கிடையாது. ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். அதற்குள் கதவைத் திறக்க வருபவரிடம் சிரித்துப் பேசினால் இரண்டு பக்கமும் சூடு தணியும்.

கே: டர்போவின் பூஸ்ட் அழுத்தம் வெறும் 0.8 பார்தானாம். ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிட்டால்? (அதே கோவை வாசகர், வேறு யார்?)

ப: காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். பெட்ரோல் ஊற்றும் அந்த நாளைய பாஷ் கே-ஜெட்ரானிக் அமைப்பு ஓர் எல்லைக்கு மேல் ஊற்றாது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் சூடு ஏறும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். போர்ஷேக்காரர்களும் கூட்டினார்கள்தான். 1973 கேன்-ஆம் பந்தயத்தில் அவர்களுடைய 917/30 டர்போ பந்தயக் கார் ஆயிரம் குதிரைகளைத் தாண்டியது. அவர்களிடம் 12 சிலிண்டரும் ஒரு ஃபேக்டரியும் இருந்தன. உங்களிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

கே: சினிமா நட்சத்திரம் யாராவது போர்ஷே டர்போ ஓட்டியிருக்கிறாரா? (ஆவடி வாசகி)

ப: பால் நியூமன். 1979-இல், 54 வயதில், 911 டர்போவின் பந்தய வாரிசான 935-ஐ மூவர் அணியில் ஒருவராக ஓட்டி, லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம். டூப் போடவில்லை.

கே: போர்ஷேயின் மின்சாரக் காரிலும் 'டெய்கான் டர்போ' என்று ஒரு மாடல் இருக்கிறதே. இன்ஜினே இல்லாத காரில் டர்போ எங்கே இருக்கிறது? (நாகர்கோவில் வாசகர்)

ப: பின்பக்கம், டிக்கி மேல். எழுதியிருக்கிறது பாருங்கள்.